இரண்டாவது சாப்பாடு

கணவர் இறந்து மாதங்கள் ஆகியும், தையல்காரம்மாவுக்குப் பசி அவர் வரும் நேரத்துக்குத்தான் வந்தது. கடைசி பஸ்ஸை ஓட்டி டிப்போவில் விட்டுவிட்டு, ஊர் அடங்கியபின் வீடு வருகிறவர் அவர். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இவள் பள்ளிக்கூடச் சீருடைகளைத் தைத்துக்கொண்டிருப்பாள். பிறகு எதிரெதிரே உட்கார்ந்து ஒரு பிடி பிடிப்பார்கள். சர்க்கரை நோய் முற்றி, ஒருநாள் அவர் இதயம் நின்றுபோனது. மனசு ஒப்புக்கொண்டுவிட்டது, வயிறு ஒப்புக்கொள்ளவில்லை. வெட்கங்கெட்ட வயிறு, அவரை எடுத்த அன்றும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டது.

இவளுக்கும் சர்க்கரை ஏறவே, அவருக்கு வைத்தியம் பார்த்த அதே டாக்டரிடம் மகள் இழுத்துக்கொண்டு போனாள்.

"உடம்புக்குள்ளயும் ஒரு கடிகாரம் ஓடுதும்மா," என்றார் டாக்டர். "இருட்டினதும் தூக்கத்துக்கான ஹார்மோன் ஏறும், இன்சுலின் மந்தமாயிடும். அப்போ சாப்பிட்டா சர்க்கரை ரத்தத்துலயே தங்கிடும். பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடுங்க."

"முடியாது டாக்டர். அந்த நேரத்துல சாப்பிட்டாத்தான் அவர் கூட உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

"அவரே சொன்ன பேச்சைக் கேட்டாரும்மா. சாயங்காலமே சாப்பிட்டுடறேன்னார். அப்புறமும் ஏன் குறையலைன்னுதான் எனக்குப் புரியல."

அவளுக்குச் சுருக்கென்றது. தினமும் தன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், டாக்டரிடம் போய் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாரே! செத்த மனுஷர்மேல் கோபம்கூட வந்தது.

மகள் வேறு வேலையாகப் போய்விட, அவள் தனியாகத் திரும்பி வந்த பஸ்ஸில் கண்டக்டர், அவரோடு ஒரே வண்டியில் வேலை பார்த்த பழைய ஜோடி. சாயங்காலமே சாப்பிட்டதாக அவர் டாக்டரிடம் சொன்னது பொய்தானே என்று அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

"பொய் இல்ல அண்ணி. சாயங்கால டிரிப் முடிஞ்சதும் கேண்டீன்ல என் பக்கத்துலதான் சாப்பிடுவாரு."

"அப்போ வீட்ல சாப்பிட்டது?"

கண்டக்டர் கையிலிருந்த விசிலையே பார்த்தான். "நீங்க பட்டினியா உக்காந்திருப்பீங்களாம். அவர் வேணாம்னா நீங்களும் அரைவயித்தோட எழுந்துருவீங்களாம். 'அவளுக்குத் துணைக்கு நாலு வாய்தானேடா'ம்பாரு. நாலு வாய்தானா அண்ணி?"

நாலு வாயா? 'வண்டி ஓட்டிக் களைச்ச உடம்பு' என்று அவர் போதும் போதும் என்னும்போதே அள்ளி அள்ளி வைத்தவள் அவள். அந்தப் 'போதும்' வெறும் உபசாரப் பேச்சு என்றே நினைத்திருந்தாள். அவருக்காக இவள் பட்டினி கிடந்தாள், இவளுக்காக அவர் இரண்டு முறை சாப்பிட்டார். ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருக்கலாம். இருவருக்குமே பிரியம் வாயை அடைத்துவிட்டது. இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததுகூடத் தெரியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும், வெயில் இறங்குவதற்கு முன்பே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பசியே இல்லை. ஒவ்வொரு வாயையும் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினாள். அதற்குள் வீடு திரும்பியிருந்த மகளும், பார்க்கப் பொறுக்காமல் ஒரு தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"பசிக்குதாடி உனக்கு?"

"இல்லம்மா, சும்மா... உனக்குத் துணைக்கு."

தையல்காரம்மா எட்டி அந்தத் தட்டைப் பிடுங்கினாள்.

"பசிச்சா சாப்பிடு," என்று உடைந்து அழுதாள். "எனக்காகச் சாப்பிடாதடி!"