பதின்மூன்றாவது ஊரின் ஒப்பாரி

பதிவு எண் பதின்மூன்று. கணவனுக்கான ஒப்பாரி. இடம்: மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம், பாடுபவரின் வீடு. நேரம்: காலை பத்தே கால். இருந்தவர்கள்: சின்னப்பொண்ணு, வயது ஐம்பத்தாறு, பாடுபவர். பிரிசில்லா, ஆய்வு மாணவி. கலையரசன், ஒலிப்பதிவு உதவி. வேறு யாரும் இல்லை.

கலையரசன் நான்தான். பதிவு தொடங்கும்போது, இருப்பவர்கள் எல்லாருடைய பெயரையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது மொழியியல் துறையில் விதி. பிறகு கேட்டு எழுதும்போது எந்தக் குரல் யாருடையது என்று குழம்பக் கூடாது. நானும் அங்கே ஆய்வு மாணவனாக இருந்தவன். இரண்டாம் வருடம் விட்டுவிட்டேன். காரணம் சுவாரசியமானதல்ல. இப்போது சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் இரவு ஷிஃப்ட். பிரேக் பாகங்களில் பிசிறு தேய்க்கிறேன்.

பிரிசில்லா விடவில்லை. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை பதின்மூன்று ஊர்களில் ஒரே ஒப்பாரியைப் பதிந்து, எந்த ஊரில் எது மாறுகிறது என்று ஒப்பிடுகிறாள். வயல் ஊர்களின் பாட்டில் செத்தவன் ஏரை விட்டுப் போகிறான், இங்கே வலையை விட்டுப் போகிறான், இப்படி. பன்னிரண்டு முடிந்திருந்தது. கடைசி ஊர் இல்லாமல் நெறியாளர் கையெழுத்துப் போட மாட்டார். வெள்ளிக்கிழமைதான் கெடு. அன்று புதன். அவளிடம் இருந்த ரெக்கார்டர் அவ்வப்போது தகராறு செய்யும், எனக்கு அதன் குணம் தெரியும். அதனால் ஷிஃப்ட் முடிந்த கையோடு பஸ் ஏறி வந்திருந்தேன்.

வெளியே காற்று. மைக்கில் இரைச்சல் தவிர வேறெதுவும் விழவில்லை. உள்ளே பாட முடியுமா என்று பிரிசில்லா கேட்டாள்.

"சாவு வுழாத வூட்டுல வெறுந்தரைய பாத்து பாடுவாங்களாமா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"மத்த ஊர்ல உலக்கைய படுக்க வச்சாங்க அக்கா."

"அவுங்க வயக்காட்டு ஆளுங்க. உலக்கைக்கு வாய் கீதா, கூப்ட்டா பதில் சொல்ல? இங்க ஆளு படுக்கணும்."

முறை எளிமையானது. ஒருவர் பிணம்போல் படுக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் பாடியவள் அவர் பெயரை மூன்று முறை கூப்பிடுவாள். ஒவ்வொரு முறையும் அவர் 'இருக்கேன்' என்று சொல்ல வேண்டும். மூன்றாவதற்கு எழுந்து உட்கார வேண்டும்.

"சொல்லலன்னா?" என்று கேட்டேன்.

"சொல்லாம இன்னா? இத்தினி வருசமா எல்லாரும் சொல்லிகினுதான் எழுந்தாங்க. எப்பவும் எம்புள்ள ஜெகதீசன் படுப்பான். அவன் போட்ல போய்க்கீறான். நீ படு நைனா. மூஞ்சியும் அதுக்கேத்த மாதிரிதான் கீது."

பிரிசில்லா சிரித்துவிட்டாள். "படுடா கலை. காசில்லாம ரெஸ்ட்."

கதவைச் சாத்தினார்கள். வாசல் பக்கம் கால் நீட்டிப் படுத்தேன். சின்னப்பொண்ணு கழுத்துவரை ஒரு வேட்டியைப் போர்த்தினாள். தரை குளிர்ச்சியாக இருந்தது. பிரிசில்லா மைக்கை என் தலைமாட்டில் வைத்து, இருப்பவர்கள் பெயரைச் சொன்னாள். சின்னப்பொண்ணு தொடங்கினாள்.

நல்ல குரல் என்று சொல்ல முடியாது. பழைய கதவு திறப்பதுபோல ஒரு குரல். எட்டு மணி நேரம் மெஷின் சத்தத்தில் நின்றவனுக்கு அது போதும். மூன்றாவது வரியோ நாலாவது வரியோ, அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது நான் படுத்தபடியே இருந்தேன். பிரிசில்லா வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"சூப்பர்டா. முழுசா வந்துடுச்சு."

"கூப்பிட்டாங்களா?"

"மூணு தடவை. நீதானே பதில் சொன்ன?"

"நான் தூங்கிட்டேன்."

"போடா, தெளிவா சொன்ன. எழுந்துதான் உட்காரல."

சின்னப்பொண்ணு சுவரோடு ஒட்டி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. என் தலைமாட்டில், மைக் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹெட்ஃபோனை மாட்டிக் கடைசிப் பகுதியை ஓட்டினேன். "கலையரசா" என்று அவள் கூப்பிடுகிறாள். மைக்குக்கு மிக அருகில் என் குறட்டை. ஒரே சீராக, நடுவில் நிற்காமல். அதன் மேலேயே என் குரல், "இருக்கேன்." இரண்டாவது அழைப்பு. குறட்டை. "இருக்கேன்." மூன்றாவது முறை அந்தக் குரல் சற்று உயரத்திலிருந்து வந்தது, ஒருவன் எழுந்து உட்கார்ந்து பேசுவதுபோல. குறட்டை கீழேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஹெட்ஃபோனை பிரிசில்லாவிடம் கொடுத்தேன். ஒரு முறை கேட்டாள். மறுபடி கேட்டாள். அவளுடையது நன்றாகப் பழகிய காது. ஒரு தொண்டையிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு வராது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

"அத அழிச்சிடும்மா," என்றாள் சின்னப்பொண்ணு. "பாட்டே பாடலன்னு ஆயிடும். இவரும் உங்கூட வரலாம்."

"அழிக்கலன்னா?"

"பதில் சொன்னவரு வூட்ல கீறாரு. சொல்லாதவரு வெளிய போவணும். ரெண்டு பேரு ஒரு பேர வச்சிகினு ஒரு வூட்டுக்குள்ள இருக்கக் கூடாது."

"இன்னொரு தடவை பாடுவீங்களா அக்கா? நாளைக்கு?"

"இனிமே எந்த ஜென்மத்துலயும் மாட்டேன்."

பிரிசில்லா ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரல் அழிக்கும் பொத்தான் மேல் இருந்தது. நாங்கள் ஆறு வருடம் ஒரே பெஞ்ச், ஒரே கேன்டீன். அழி என்று நான் சொல்லியிருந்தால் அவள் அழித்திருக்கலாம்.

"இது வெறும் சடங்குதானே கலை," என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சொன்னாள். பிறகு கட்டைவிரலை எடுத்துவிட்டு ரெக்கார்டரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

சின்னப்பொண்ணு என் செருப்பைக் காலால் தள்ளி வாசலுக்கு வெளியே போட்டாள். நான் எழுந்து போனேன். வெயில் கண்ணைக் குத்தியது.

"வரியா?" என்று திரும்பிக் கேட்டேன்.

"இரு கலை, டீ குடிச்சிட்டுப் போலாம்," என்று பிரிசில்லா உள்ளே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னப்பொண்ணு என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டையும் மாட்டுவது கேட்டது.