பதினான்கு பெட்டிகளும் ஒரு சுவரும்

நாற்பத்து நான்கு வயதில் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை தங்கமான மனிதர். குறை என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான்: நான் வருவதற்கு முன்பே அவர் எண்ணூற்றுப் பன்னிரண்டு இசைத்தட்டுகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். கூடத்தில் ஜன்னலும் கதவும் இல்லாத சுவர் ஒன்றுதான் உண்டு. அந்த ஒரு சுவரிலும் தரையிலிருந்து விட்டம் வரை அலமாரி, அலமாரி முழுக்க அவருடைய தட்டுகள்.

அவருக்குக் கண்ணாடிக் கடை. லென்ஸைத் தொட்டுத் தொட்டுப் பழகிய கை என்பதால் இசைத்தட்டையும் ஓரத்தில் மட்டும் பிடித்துத்தான் எடுப்பார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார், ஊதுவார், பிரஷ்ஷால் தடவுவார், பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்குவார். அதன்பின் ஒரு பக்கம் முடியும்வரை வீட்டில் யாரும் இருமக்கூடாது. குக்கர் விசில் அடித்தால் அதையும் முறைத்துப் பார்ப்பார்.

எனக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருபத்திரண்டு வயதில் வாங்கிய முதல் சம்பளத்திலிருந்தே சிடி வாங்கிச் சேர்த்தவள் நான். ஆயிரத்து நூறு சிடிகள், பதினான்கு அட்டைப்பெட்டிகள். ஏழு வாடகை வீடுகள் மாறியிருக்கிறேன். ஏழு வீட்டுக்காரர்களும் சாவியைக் கொடுக்கும்போதே சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதனால் என் சிடிகள் ஒருநாள்கூடச் சுவரைப் பார்த்ததில்லை. கல்யாணம் என்றதும் மற்றவர்கள் என்னென்னவோ கனவு காண்பார்களாம். நான் கண்டது ஓர் அலமாரி.

நான் வந்து இறங்கிய அன்று பெட்டிகளைப் பார்த்து அவர் சற்று மிரண்டுதான் போனார். இப்போதைக்குக் கட்டிலுக்கு அடியில் வைக்கலாம் என்றார். இந்த ‘இப்போதைக்கு’ என்ற சொல்லுக்கு ஆயுசு கெட்டி. ஒன்பது மாதம் ஆகிவிட்டது. ஒரு சிடி வேண்டுமென்றால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுத்துத் தவழ்ந்து போய்த்தான் எடுக்க வேண்டும். எடுத்ததைச் சமையலறையில் என் பழைய சின்ன பிளேயரில் போட்டுக் கேட்பேன். அலமாரியில் இடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார், கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் நான் கேட்டு அவர் கொடுத்தால் அது அவர் விட்டுக்கொடுத்த இடமாக இருக்குமே தவிர, என் இடமாக இருக்காது. தாலி கட்டிய வீட்டில் விருந்தாளியாக இருந்தேன். அது எனக்கு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் கொழுந்தன் வருவான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மூக்கு, ஒரே பிடிவாதம். கம்ப்யூட்டரில் செருகும் உள்ளங்கையளவு டப்பா ஒன்றை ஆட்டிக் காட்டி, உங்கள் சுவரும் கட்டிலும் சேர்ந்து சுமப்பதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும், சுவரை வாடகைக்கு விடலாம் என்பான். போன வருஷம் அண்ணனுடைய தட்டுகளில் ஐம்பதைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து கொடுத்தானாம். அண்ணன் அவற்றை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. உயிர் இல்லாத சத்தம் என்று ஒதுக்கிவிட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பேச்சு சிடிக்குத் திரும்பியது. சிடி சத்தம் பினாயில் போட்டுத் துடைத்த ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கும், சுத்தம் இருக்கும், மனுஷன் இருக்க மாட்டான் என்றார் என் வீட்டுக்காரர். அப்படிப்பட்ட வராந்தாவில் இருபத்திரண்டு வருஷம் நடந்தவளிடம் சொல்கிற பேச்சா இது? எனக்குச் சுருக்கென்றது. டம்ளரைக் கீழே வைத்தேன்.

“எது எதுன்னு தெரியாம கேட்டா உங்களால உங்க ரெக்கார்டைக் கண்டுபிடிக்க முடியாது. பந்தயம் வச்சுக்கலாமா?”

என்ன பந்தயம் என்றார். சுவர் என்றேன்.

கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவரும் சரி என்றார். அங்கேயே நிபந்தனைகள் பேசி முடித்தோம். மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இசைத்தட்டு, சிடி, கம்ப்யூட்டர் மூன்றும் ஒலிக்கும். எது சிறந்தது என்று எழுத வேண்டும். அவர் மூன்று சுற்றிலும் தன் தட்டையே தேர்ந்தெடுத்தால் சுவர் அவருக்கே. தவறினால் எனக்கு. நான் மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கக்கூடாது, நானும் எழுத வேண்டும் என்றார் அவர். நான் என் சிடியை விட்டுவிட்டு ஒரு தடவை அவருடைய தட்டைத் தேர்ந்தெடுத்தாலும் பந்தயம் அவருக்கு, பெட்டிகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். ரோஷத்தில் தலையாட்டிவிட்டேன். 

இடைப்பட்ட நாட்களில் எங்கள் இருவரிடமும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேடினோம். எண்ணூற்றுப் பன்னிரண்டுக்கும் ஆயிரத்து நூற்றுக்கும் நடுவே ஒன்றே ஒன்றுதான் தேறியது, ஒரு வயலின் பதிவு. அவரிடம் தட்டு, என்னிடம் அதே பதிவின் சிடி. கொழுந்தன் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த ஐம்பதிலும் அது இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ரசனை ஒன்றேதான் என்று இருவரும் சத்தியம் செய்திருந்தோம்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடம் என் கட்டுப்பாட்டில் வந்தது. ரத்தக் குழாய்களில் பெயர் எழுதாமல் எண் மட்டும் எழுதிப் பழகியவள் நான். பெயர் தெரிந்துவிட்டால் கண்ணும் காதும் கட்சி சேர்ந்துவிடும். கருவிகளுக்கு முன்னால் கொடி கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டேன். மூன்றும் ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். சத்தம் கொஞ்சம் கூடினாலும் அதுதான் நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும் என்பதால், போனில் சத்தம் அளக்கும் செயலியை வைத்து மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் வேலையைக் கொழுந்தனிடம் விட்டுவிட்டு, அதுவரை நாங்கள் இருவரும் காதில் விழாதபடி தெருமுனையில் போய் நின்றோம். எது முதலில், எது பிறகு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டியவனும் அவன்தான். விரிப்புக்குப் பின்னால் அவன் பேசக்கூடாது, இருமக்கூடாது, முகத்தையும் காட்டக்கூடாது என்று உத்தரவிட்டேன்.

“அண்ணி, மூச்சு விடலாமா?” என்று கேட்டான். மெதுவாக விடச் சொன்னேன்.

முதல் சுற்று. இரண்டாவது பாட்டின் முதல் இரண்டு நிமிஷம், மூன்று முறை. ஒன்றில் லேசான கரகரப்பு, அங்கங்கே பட் பட்டென்று ஒரு பொறி. இதுதான் தட்டு என்று நான் உடனே ஒதுக்கிவிட்டேன். இன்னொன்றில் வயலின் கொஞ்சம் கூர்மையாக, பளீரென்று வந்தது. கம்ப்யூட்டராகத்தான் இருக்கும், அதன் முதலாளி மாதிரியே முந்திரிக்கொட்டை என்று நினைத்துக்கொண்டேன். மற்றொன்று இருக்கிறதே, கரகரப்பும் இல்லை, கூச்சலும் இல்லை. வில் கம்பியைத் தொடுகிற இடம்கூடக் கேட்டது. வாசித்தவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷமாகக் கூட இருந்த என் சிடியைப் பெரிய ஸ்பீக்கரில் இன்றைக்குத்தான் கேட்கிறேன் என்று சந்தோஷமாக அதன் எண்ணை எழுதினேன்.

பக்கத்தில் அவர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். கரகரப்பு வந்தபோதெல்லாம் அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. அந்தப் பூரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிற்றெரிச்சல். மனிதர் கண்டுபிடித்துவிட்டார், சுவர் போயிற்று என்று முடிவே செய்துவிட்டேன். இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. வரிசை மாறினாலும் எங்கள் இருவருக்கும் துளிச் சந்தேகம் வரவில்லை. அவர் எழுதிவிட்டுப் பேனாவை மூடிய தோரணையே தனி.

சீட்டுகளை விரிப்புக்கு அடியில் தள்ளினோம்.  உள்ளே ஏதோ கீழே விழுகிற சத்தம். கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து குலுங்குவது விரிப்பின் அசைவிலேயே தெரிந்தது. ஒருவழியாக வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அண்ணா, மூணு தடவையும் நீ எழுதினது கம்ப்யூட்டர். உயிர் இல்லன்னு சொன்னியே, அதேதான்.”

இருக்கவே முடியாது, கரகரப்பு கேட்டதே என்று அவர் எழுந்தே விட்டார். கொழுந்தன் பொறுமையாக விளக்கினான். கம்ப்யூட்டரில் இருப்பது போன வருஷம் இதே தட்டிலிருந்து எடுத்த பதிவு. அன்றைக்குத் தட்டில் இருந்த தூசியும் சேர்ந்துதான் பதிவாகியிருக்கிறது. அது சரி, அப்படியானால் தட்டிலும் இன்றைக்குக் கரகரப்பு இருக்க வேண்டுமே, அது எங்கே போயிற்று என்று நான் கேட்டேன். அவர் விட்டத்தைப் பார்த்தார். கொழுந்தனும் நானும் அவரையே பார்த்தோம்.

கடைசியில் உண்மை வந்தது. கடையில் கண்ணாடி ஃப்ரேம்களைக் கழுவ ஒரு தொட்டி உண்டு. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் அதிர்ந்து அதிர்ந்து இடுக்கிலுள்ள அழுக்கையெல்லாம் கழற்றிவிடும். சனிக்கிழமை மதியம் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில், தட்டின் துளையில் ஒரு கம்பியைச் செருகி, நடுவிலுள்ள காகிதம் நனையாமல் தொட்டியில் சுற்றிச் சுற்றிக் கழுவியிருக்கிறார். போட்டிக்குப் போகிற பிள்ளையைக் குளிப்பாட்டி அனுப்பின மாதிரி. குளித்து வந்த பிள்ளையைப் பெற்றவருக்கே அடையாளம் தெரியாமல் போய்விட்டது. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

நான் சிரித்த சிரிப்பில் சோபா ஆடியது.

“அண்ணி, ரொம்பச் சிரிக்காதீங்க. மூணு தடவையும் நீங்க எழுதினது அண்ணனோட ரெக்கார்டு.”

சிரிப்பு பாதியில் நின்றது. பளீரென்று முந்திரிக்கொட்டையாக வந்ததுதான் என் சிடியாம். அவ்வளவு பிரியமாக வளர்த்த சிடியை நானே கம்ப்யூட்டர் என்று ஒதுக்கியிருக்கிறேன். சின்ன பிளேயரில் கேட்டே பழகிய காது வேறு என்ன செய்யும்? பந்தயப்படி அவரும் தோற்றார், நானும் தோற்றேன். ஆனால் சுவரில் இருப்பது அவருடைய தட்டுகள், கட்டிலுக்கு அடியில் இருப்பது என் பெட்டிகள். இருவரும் தோற்றால் யார் பொருள் இருந்த இடத்தில் இருக்கும் என்பதற்குப் பரிசோதனை தேவையில்லை. அவர் சட்டென்று எழுந்து படுக்கையறைக்குப் போனார். வாயைக் கொடுத்து ஒன்பது மாத நிம்மதியையும் கெடுத்துக்கொண்டோமே என்று நொந்துகொண்டேன்.

உள்ளே சரசரவென்று ஏதோ இழுபடும் சத்தம். போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு வெளியே அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. தலையெல்லாம் தூசியோடு ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்து வந்தார். முழங்கை சிராய்த்திருந்தது.

“ஒரு சிடி எடுக்கணும்னா தினம் இப்படியா படுத்து எடுக்கிற?”

ஆமாம் என்றேன்.

“ஒரு நாளும் சொல்லலையே.”

“நீங்களும் கேக்கலையே.”

அவர் தூசியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். கேட்டிருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை. மூவருமாகப் பதினான்கு பெட்டிகளையும் கூடத்துக்கு இழுத்து வந்தோம். அவர் ஒவ்வொரு சிடியாக எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அட்டையைப் படித்து, இது யார், இது எப்போது வாங்கினது என்று கேட்கக் கேட்க, நான் சொல்லச் சொல்ல, கொழுந்தன் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான். அவர் கேட்டே இராத பாட்டு ஒன்றுக்கு அவர் கால் தாளம் போட்டது. ஆஸ்பத்திரி வராந்தா எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நோயாளி பிழைத்துக்கொண்டான் என்றார்.

மதியத்துக்குள் அலமாரியின் கீழ் நான்கு வரிசையைக் காலி செய்துவிட்டார். நான் சிடிகளை அகர வரிசையில் அடுக்கும் மும்முரத்தில், இறக்கிய தட்டுகள் எங்கே போகின்றன என்று கவனிக்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தவள் தற்செயலாகப் படுக்கையறையை எட்டிப் பார்த்தேன். மண்டி போட்டுக்கொண்டு, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

“மூளை இருக்கா உங்களுக்கு? படுக்கப் போட்டா வளைஞ்சு போகாதா? வெளிய எடுங்க எல்லாத்தையும். நிமிர்த்தி வைங்க.”

கூடத்தில் பாட்டு சட்டென்று நின்றது. கொழுந்தன் பயந்துபோய் நிறுத்தியிருக்கிறான். இந்த வீட்டில் நான் போட்ட முதல் சத்தம் அது என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அவர் தட்டுக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த முகம் முழுக்கச் சிரிப்பு.

“சரிங்க. எங்க வைக்கணும்னு சொல்லுங்க.”

படுக்கையறை மூலையில் அவருடைய பழைய பீரோ நின்றது. உள்ளே இருபது வருஷமாக யாரும் வாங்காத கண்ணாடி ஃப்ரேம்கள் அடைந்து கிடந்தன. அதைக் காலி பண்ணச் சொன்னேன். பண்ணினார்.