முந்தின வருஷத்துச் சம்பளம்

உதவித்தொகை எல்லாம் கழித்து, மகளின் காலேஜுக்கு வருடத்துக்கு நாங்கள் கட்ட வேண்டியது இருபத்து மூவாயிரத்து நூற்று எண்பது டாலர். எழுத்து எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. எண் அதற்கு முன்பே தெரியும். மகள் நொயெமி போனை என் பக்கம் திருப்பியதும் நானே படித்துவிட்டேன்.

"நாலு வருஷத்துக்கும் சேத்தா?"

"ஒரு வருஷத்துக்குப்பா."

கத்தாரினா அடுப்பை விட்டு வந்து எட்டிப் பார்த்தாள். துறைமுகத்து மீன் கம்பெனியில் வருடம் முழுக்க மீன் வெட்டி என் மனைவி கொண்டுவருவது அதைவிடக் கொஞ்சம்தான் கூட. பார்த்துவிட்டுப் பீன்ஸைக் கிளறப் போய்விட்டாள்.

பாஸ்டனில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் எஞ்சினியரிங் படிக்க நொயெமிக்கு இடம் வந்திருந்தது. அதை முடித்துவிட்டு டாக்டருக்குப் போக வேண்டும் என்பது அவள் திட்டம். "வால்வு செய்யவும் தெரியணும், அதை நெஞ்சுக்குள்ள வைக்கவும் தெரியணும்" என்பாள். இதே படிப்பு எங்கள் ஊர் நியூ பெட்ஃபோர்டுக்குப் பக்கத்து மாநிலக் கல்லூரியிலும் இருக்கிறது. அங்கே ஃபீஸ் முழுக்கத் தள்ளுபடி என்று எழுதியிருந்தார்கள். வீட்டுச் சாப்பாடு, பஸ் பயணம், அவ்வளவுதான் செலவு.

ஆனாலும் அவளுக்குப் பாஸ்டன்தான் கண்ணுக்குள் இருந்தது. எனக்கு அவளைவிட அதிகம். இரண்டு வருஷம் முன்பு அந்த எஞ்சினியரிங் கட்டடத்துக்கு மொசைக் போட்டுப் பாலிஷ் பிடித்த ஆட்களில் நானும் ஒருவன். பகல் வேலை முடிந்ததும் ராத்திரி ஷிஃப்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன், இவள் காலேஜுக்கு ஆகும் என்று. சுவரோரம் மெஷின் போகாத இடங்களை முட்டி போட்டுக் கையால் தேய்க்கும்போது, இந்த வழியாகத்தானே இவள் வகுப்புக்குப் போவாள் என்று நினைத்துக்கொள்வேன். முட்டிவலி கொஞ்சம் குறையும்.

ஏப்ரலில், இடம் கிடைத்த பிள்ளைகளை வந்து பார்க்கச் சொன்னார்கள். என் மச்சான் லாசரோ வேனில் கூட்டிப்போனான். அவனும் அந்தத் தரையில் வேலை செய்தவன்தான்.

"என்ன மாப்ள, ஞானஸ்நானத்துக்குப் போற மாதிரி சட்டை போட்டிருக்கே?" என்றான். "உள்ள போனதும் பழக்கதோஷத்துல முட்டி போட்டுறாத."

"மாமா, வண்டிய ஓட்டுங்க," என்றாள் நொயெமி.

வாசல் கூடத்தில் சுற்றிக்காட்டிய மாணவனிடம் அவள் சட்டென்று, "இந்தத் தரை எங்கப்பா போட்டது" என்றாள். "அப்படியா, சூப்பர்!" என்று சொல்லிவிட்டு அவன் படியேறினான். எனக்கு அதுவே போதும்.

மேலே ஒரு கண்ணாடி அறைக்குள் செயற்கை இதய வால்வு ஒன்றைத் தண்ணீர்க் குழாயில் பொருத்தி ஓடவிட்டிருந்தார்கள். திறந்து மூடி, திறந்து மூடி. எல்லாரும் நகர்ந்த பிறகும் நொயெமி கண்ணாடியை ஒட்டியே நின்றாள். அவள் மூச்சு கண்ணாடியில் பட்டுப் படர்ந்தது. பசித்த பிள்ளை பேக்கரி வாசலில் நிற்பதுபோல இருந்தது எனக்கு. "வாம்மா" என்று கூப்பிட வாய் வரவில்லை.

பிறகு, மருத்துவம் போக நினைக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஓர் அம்மாள் பேசினார். ஒளிவுமறைவில்லாத பேச்சு. எந்தக் காலேஜ் என்பதைவிட என்ன மார்க் என்பதைத்தான் டாக்டர் படிப்புக்காரர்கள் முதலில் பார்ப்பார்களாம். எஞ்சினியரிங்கில் நல்ல மார்க் எடுப்பது பெரும்பாடாம். "டாக்டருக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. அதுக்குப் பெரும்பாலும் கடன்தான். கடன் வாங்குற தெம்பை இங்கேயே செலவழிச்சுடாதீங்க" என்றார். நொயெமி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊருக்கு வந்ததும் தொகையைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பித்தாள். அந்த வாரமே உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பேசி முடித்துவிட்டுப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"அவங்க பாக்குறது போன வருஷத்துச் சம்பளம் இல்லியாம்பா. அதுக்கும் முந்தின வருஷத்துதாம்."

"சரி, அதுக்கென்ன?"

"அது... நீங்க ராத்திரி ஷிஃப்டும் பாத்த வருஷம்."

முதலில் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாசரோவுக்குத்தான் புரிந்தது. "அட பாவமே! அவங்க தரையைத் தேச்சுத் தேச்சு நீ வாங்குன காசைப் பாத்து, உன்னைப் பணக்காரன்னு எழுதிட்டாங்க மாப்ள." சிரிக்க ஆரம்பித்தவன், கத்தாரினா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

விண்ணப்பத்துக்கு ஏதோ கொஞ்சம் குறைத்தார்கள். பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் மிச்சம் நின்றது. பெற்றோர் பேரில் கடன் எடுக்கலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன். ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து வந்ததும் சொன்னேன்.

"நான் கையெழுத்துப் போடுறேன். திரும்பவும் ராத்திரி வேலைக்குப் போறேன். நீ அங்கதான் படிக்கணும்."

"உங்களுக்கு அங்க ஆசையா, எனக்கு அங்க ஆசையா?"

"ரெண்டு பேருக்கும்தான். இல்லேன்னு சொல்லு பாப்போம்."

அவள் இல்லையென்று சொல்லவில்லை. "வருஷா வருஷம் கணக்குப் பாப்பாங்கப்பா" என்றாள். "நீங்க அதிகமா வேலை செய்யச் செய்ய, ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க உதவியக் குறைச்சுக்கிட்டே வருவாங்க. நீங்க எவ்வளவு ஓடினாலும் அது உங்களுக்கு முன்னாடி ஓடும்."

"அப்ப வேலைக்கே போகாம இருக்கவா?"

"இப்ப வாங்குற சம்பளத்தோட, பகல்ல மட்டும் போங்க. நான் இங்க நல்ல மார்க் எடுக்குறேன். டாக்டர் படிப்புக்கு வேணா பாஸ்டன்லயே இடம் கேக்குறேன்."

"அப்ப எடுப்பாங்களா?"

"தெரியாதுப்பா."

பொய் சொல்லித் தேற்ற அவளுக்கு வராது. கத்தாரினா, "அதான் சொல்லிட்டாள்ல, விடுங்க" என்று, மக்காச்சோள மாவில் அவித்த தமாலைத் தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினாள். நான் தொடவில்லை. இரண்டு நாள் பொறுத்து முடிவு செய்யலாமே என்று நொயெமியிடம் கேட்டேன். பொறுத்தால் ஆசை கூடுமே தவிரக் குறையாது என்றாள். அது எனக்கும் தெரிந்ததுதான்.

நாற்காலியை என்னருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தைப் போனில் திறந்தாள். இடம் வேண்டாம் என்ற பொத்தானை அமுக்கியதும் ஏன் என்று கேட்டுக் காரணங்களின் வரிசை ஒன்று வந்தது. இரண்டாவதாகப் பணம் என்று இருந்தது. அதைத் தாண்டிக் கீழே போய், வேறு கல்லூரி பிடித்திருக்கிறது என்பதைத் தொட்டாள்.

"ஏம்மா, பணம்னே போட்டிருக்கலாமே?"

"அது நம்ம வீட்டு விஷயம்பா. அவங்களுக்கு எதுக்கு?"

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் போனையே பார்த்தேன். சின்ன வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி நின்றது. பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் இருந்த இடத்தில், செலுத்த வேண்டிய தொகை பூஜ்யம் என்று வந்திருந்தது.