நாற்பத்தொன்றாம் முத்திரை

பின் என்பது சுண்டுவிரலில் பாதி நீளம்தான் இருக்கும். பாராசூட் பட்டைகளை மார்பில் சேர்த்துப் பிடிக்கும் கொக்கிக்குள் அது உட்கார்ந்திருக்கும். குடை விரியும்போது குதித்தவனின் முழு எடையும் ஒரு கணம் அதன்மேல் வந்து விழும்.

எங்கள் நிறுவனம் பின் செய்வதில்லை. செய்பவர்களுக்கு இடையில் சாமான்களை ஓடவைக்கிறது. ஆலையிலிருந்து உருக்குக் கம்பி எங்களுக்கு வரும். கடைசல் பட்டறைக்கு அனுப்புவோம். அவர்கள் கடைந்து, வெளியே கொடுத்துச் சூட்டில் பதம் ஏற்றி வாங்கி, சோதித்து, எங்களுக்கே திருப்புவார்கள். நாங்கள் அதைப் பட்டை தைப்பவர்களுக்கு அனுப்புவோம். அவர்கள் படைக்கு அனுப்புவார்கள். எந்தச் சாமான் எந்த இடத்தில் நிற்கிறது என்று யார் கேட்டாலும் சொல்ல வேண்டியது என் வேலை.

அன்று காலை பின் பெட்டி வந்தபோது நான் வரவுச் சோதனை அறையில் இருந்தேன். அங்கே இருப்பவரைப் பூதக்கண்ணாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். லென்ஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டே சாப்பிடுகிற மனிதர். வேறு பிரிவிலிருந்து போன வாரம்தான் வந்தவர்.

"இந்தப் பட்டறைக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு," என்றார். "பழைய தகடெல்லாம் எடுத்துப் பாத்தேன். முத்திரை ராத்திரி குடிச்சவன் மாதிரி ஒரு பக்கம் சாஞ்சே கிடக்கும். இப்பப் பாருங்க, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விறைப்பா நிக்குது."

பொட்டலத்தில் கட்டியிருந்த பித்தளைத் தகட்டை வாங்கிப் பார்த்தேன். வட்டத்துக்குள் நாற்பத்தொன்று. நேராக நின்றது.

நாற்பத்தொன்று என் மனைவியின் எண். அந்தப் பட்டறை அவளுடைய அண்ணனுடையது. அங்கே பின்களைச் சோதித்து, சரி என்று முத்திரை அடிக்க அனுமதி பெற்றவள் அவள் ஒருத்திதான். இடதுகைக்காரி. அவள் அடித்தால் எண் சாயும்.

அவள் குளிர் தொடங்கும் முன்பே இறந்துவிட்டாள். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் மருத்துவமனையில் சொன்னார்கள். இப்போது வெயில் ஏறிவிட்டது.

தகட்டில் முத்திரைக்குக் கீழே உலை எண் இருந்தது. கம்பி ஆலையில் எந்த முறை உருக்கியதிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும் எண். அது எனக்குத் தெரியும். விடுப்பு முடிந்து நான் வேலைக்கு வந்த அன்று செய்த ஒரே காரியம் அந்தக் கம்பியைப் பட்டறைக்கு அனுப்பியதுதான். அன்று எல்லோரும் என்னிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

ஆக, அவள் இறந்த பிறகு போன கம்பி. அதில் கடைந்த பின். அதன்மேல் அவள் முத்திரை.

"என்ன, ஏத்துக்கலாமா?" என்றார் பூதக்கண்ணாடி. "பட்டைக்காரங்க காலையிலேர்ந்து மூணு தடவ கேட்டாச்சு. கல்யாண வீட்டுக்காரன் மாதிரி பறக்கறாங்க."

"கொஞ்சம் இருக்கட்டும்ண்ணே."

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். மேலாளருக்கு அவள் அங்கே வேலை பார்த்தாள் என்று தெரியும். எண் தெரியாது. தரப் பிரிவில் எண் தெரியும், அது இறந்துபோன என் மனைவியுடையது என்று யாருக்கும் உறைக்கவில்லை. இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன். நான் பேசாமல் இருந்தால் அது வெளியே வராது. இதே கம்பியில் செய்த முதல் பெட்டி ஏற்கெனவே போய்விட்டது. பட்டைகளாகிப் படைக்கும் போயிருக்கும்.

எங்கள் துறையில் ஒரு விதி உண்டு. செய்தவன் சோதிக்கக் கூடாது. தன் பிள்ளையின் குறை தாய்க்குத் தெரியாது என்பதுபோல. பதம் ஏற்றும்போது சில பின்களில் மயிரிழை விரிசல் விழும். சிவப்புச் சாயம் தடவித் துடைத்தால் விரிசலில் மட்டும் சாயம் நிற்கும். அவள் விரல் நுனி எப்போதும் சிவந்திருக்கும். தலையணை உறையில்கூட அந்தச் சிவப்பு இருக்கிறது. துவைத்தும் போகவில்லை.

திரையில் அந்த உலை எண்ணைத் தேடி எடுத்து, அதில் செய்த எதையும் பயன்படுத்தக் கூடாது என்று நிறுத்தம் போட்டேன். காரணம் என்ற இடத்தில், சோதித்ததாகக் காட்டப்படுபவர் உயிருடன் இல்லை என்று எழுதினேன். பட்டைக்காரர்களுக்கும் படைக் கிடங்குக்கும் தகவல் தானாகவே போகும். பிறகுதான் பட்டறைக்குக் கிளம்பினேன்.

மச்சான் லேத் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாங்க மாப்ள. என்ன இந்நேரத்துல? இளைச்சுப் போயிட்டீங்க. வீட்டுப் பக்கம் வந்தாத்தானே? அம்மா தெனம் கேக்கறாங்க."

தகட்டை அவர் கையில் வைத்தேன். அவர் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை.

"உள்ள வாங்க," என்றார்.

சோதனை அறையில் அவள் நாற்காலி இருந்தது. இரண்டு பேரும் அதில் உட்காரவில்லை.

"சோதிக்க வந்த புதுப் பொண்ணுக்கு முத்திரை கேட்டு எழுதிப் போட்டேன்," என்றார் மச்சான். "உங்க ஆபீஸ்லதான் தூங்குது. இங்க சாமான் கெடக்குது. பன்னெண்டு குடும்பம் மாப்ள. நான் என்ன பண்றது?"

"சோதிச்சது யாரு?"

"நான்தான். ஒண்ணு விடாம. அவ எப்படிப் பண்ணுவாளோ அப்படியே. சாயம் போட்டு, துடைச்சு, வெளக்குல பாத்து."

"கடைஞ்சதும் நீங்க."

"ஆமா. கடைஞ்சதும் நான். முதல் தகடு அடிக்கறப்ப கை நடுங்குச்சு. மறுநாள் நடுங்கல. தப்புன்னா அதுதான் தப்பு. இந்தப் பெட்டிய மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க. காதும் காதும் வெச்ச மாதிரி முடிச்சிரலாம். முதல் பெட்டி போனது போகட்டும், அது நல்ல சாமான்."

"நிறுத்தம் போட்டாச்சு மச்சான். ரெண்டு பெட்டிக்கும்."

"எப்ப?"

"வர்றதுக்கு முன்னாடி."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் தட்டி வழி கேட்டால் பார்ப்பதுபோல இருந்தது.

"அவ பேர நம்பி எவனோ ஒருத்தன் குதிப்பான்," என்றேன்.

"கூடப் பொறந்தவன் எனக்கு இல்லாத அக்கறையா?" என்றார். பிறகு லேத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அன்று மாலை அத்தை போன் செய்தார். அவர் எப்போதும் என்னிடம் உரக்கப் பேசுவார். ஒரே மாப்பிள்ளை என்பதால் கேலியும் அதிகம். அன்று மெதுவாகப் பேசினார்.

"மாப்ள, அவன் சோறு வேண்டாம்னுட்டான். என்ன நடந்துதுன்னு சொல்லவும் மாட்டேங்கறான். நீங்களாச்சும் சொல்லுங்க."

சொன்னேன்.

"அது அவ முத்திரையா?"

"ஆமா அத்தை."

"எம் பொண்ணு பேர எடுத்து அவன் அடிச்சிருக்கக் கூடாது," என்றார். "நீங்களும் அவனக் காட்டிக் குடுத்திருக்கக் கூடாது. நான் யாரப் போய்த் திட்டறது, சொல்லுங்க?" போனை வைத்துவிட்டார். அதன்பிறகு கூப்பிடவில்லை.

பட்டறையின் அனுமதி ரத்தானது. படைக் கிடங்கிலிருந்து பட்டைகள் திரும்பி வந்தன. கொக்கிகளைப் பிரித்துப் பின்களை எடுத்தார்கள். எல்லாவற்றையும் வெளியே ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முடிவு வந்தபோது மேலாளர் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு பின்னில்கூட விரிசல் இல்லை.

அப்படியும் அவற்றை ஏற்க முடியாது. யார் சோதித்தது என்ற சங்கிலி ஓர் இடத்தில் அறுந்துவிட்டால், பிறகு சாமான் தங்கமாக இருந்தாலும் குப்பைதான். குப்பையையும் அப்படியே போடக் கூடாது. எவராவது பொறுக்கி எடுத்துத் திரும்ப விற்றுவிடலாம். ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்ட வேண்டும். செய்தவர் சார்பில் ஒருவரும் எங்கள் சார்பில் ஒருவரும் கூட நிற்க வேண்டும்.

எங்கள் சார்பில் வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்று மேலாளர் கேட்டார். நானே போகிறேன் என்றேன்.

பட்டறையில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. ஆட்கள் பாதிப்பேர் வேறு இடம் போய்விட்டார்கள். மச்சான் வெட்டும் சக்கரத்தைத் தயாராக வைத்திருந்தார். வாங்க என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. ஒரு கண்ணாடியை எடுத்து என்னிடம் நீட்டினார். கண்ணில் பொறி படாமல் இருக்க.

நான் பின்னைப் பிடிப்பானில் வைத்து இறுக்கினேன். அவர் சக்கரத்தை இறக்கினார். பின் சீக்கிரம் அறுபடவில்லை. நல்ல பதம். பொறி பறந்து, வாசனை வந்து, இரண்டு துண்டாக விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பாதிப் பெட்டி ஆனதும் சக்கரம் தேய்ந்தது. மாற்றுவதற்காக நிறுத்தினார்.

"இதெல்லாம் நல்ல பின்னுன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"தெரியும் மச்சான்."

"அன்னைக்குத் தெரியாது."

"அன்னைக்குத் தெரியாது."

புதுச் சக்கரத்தைப் பூட்டி, கையால் சுற்றிப் பார்த்தார்.

"அவளே உங்க எடத்துல இருந்திருந்தா நிறுத்தியிருப்பாளா?"

"நிறுத்தியிருப்பா."

"ம். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா மாப்ள, எங்கிட்ட வந்து ரெண்டு திட்டு திட்டிட்டு, அப்புறம் நிறுத்தியிருப்பா."

அவரிடம் முதலில் வந்திருந்தால் நான் நிறுத்தியிருக்கவே மாட்டேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். கண்ணாடிக்குள் ஈரம் கட்டிப் பிடிப்பான் தெரியவில்லை. கழற்றித் துடைத்தேன். மறுபடி நிறைந்தது. அவள் போனதிலிருந்து கண்ணீர் வரவில்லை. இப்போது இங்கே வந்து நின்றது.

மச்சான் சக்கரத்தை ஓடவிட்டார். பக்கத்தில் ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளினார்.

"உக்காந்துக்குங்க," என்றார். "நான் வெட்டறேன். நீங்க பாத்தாப் போதும்."

உட்கார்ந்தேன். அவரே பின்னை வைத்து, அவரே இறுக்கி, அவரே வெட்டினார். துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளினார். எடுத்துப் பார்த்துத் தொட்டியில் போட்டேன்.