கடல் பக்கக் கதவு

கதவு இருந்த இடத்தை ஜெனிஸ்ரன் கல் வைத்து அடைத்து, இரண்டு பக்கமும் பூசி, வெள்ளையும் அடித்து முடித்த கிழமையில்தான் யசிந்தா அந்தச் சத்தத்தை முதலில் கேட்டாள்.

விடியப்போகிற நேரம். கீரி என்கிற அந்தக் கடலோர ஊரில் அந்த நேரத்தில் சத்தங்களுக்குக் குறைவில்லை. தொழிலுக்குப் போன படகுகள் கரைக்கு வரும். படகு தள்ளுகிற ஆட்கள் கத்துவார்கள். மீனுக்கு நாய்கள் சண்டை பிடிக்கும். அதற்கெல்லாம் அவள் எழும்புவதில்லை. இது வேறு. சுவருக்கு வெளியே, கையெட்டும் தூரத்தில், யாரோ கல்லில் காலைத் தேய்த்தார்கள். இரண்டு தரம். கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, இன்னொரு தரம். கடலால் வருகிற ஆள் வீட்டுக்குள் ஏறுமுன் மண் போகத் தேய்க்கிற தேய்ப்பு அது. விடத்தல்தீவில் அவளுடைய அப்பா இருந்த காலம் முழுக்கக் கேட்ட சத்தம். தேத்தண்ணி வைப்பதற்காக அவளுடைய உடம்பு தானாகவே எழும்பி உட்கார்ந்தது.

பிறகுதான் நினைவு வந்தது. இந்த வீட்டில் கடலுக்குப் போகிறவர் ஒருவரும் இல்லை. புருஷன் ஜெனிஸ்ரன் மேசன் வேலை செய்கிறவன். பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தான். மகள் மதுஷிகா சுவரோரம் தன் பாயில் சுருண்டு கிடந்தாள்.

வெளிச்சம் வந்ததும் வீட்டைச் சுற்றிப் போய்ப் பார்த்தாள். கதவை அடைத்தாலும் அதன் வெளிப்படிக்கல் அங்கேயே கிடந்தது. பெரிய கல், ஒருவரால் அசைக்க முடியாது. அது நனைந்திருந்தது. சுற்றிலும் மணல் காய்ந்துபோய்க் கிடந்தது. பனியாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே வந்து அடுப்பை மூட்டினாள்.

மறுநாளும் கேட்டது. அதற்குப் பிறகு கேட்காத நாட்கள்தான் குறைவு. அவள் யாருக்கும் சொல்லவில்லை. ஜெனிஸ்ரன் சிரிப்பான் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. பேய் இருக்கிற வீட்டை விட்டுப் போகத்தான் வேண்டும். போவதற்கு அவளால் இனி ஏலாது. சின்ன வயதில் விடத்தல்தீவிலிருந்து உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவள் அவள். கூடாரம், பள்ளிக்கூடம், உறவுக்காரர் வீட்டு விறாந்தை, கலியாணத்துக்குப் பிறகு மாறி மாறி வாடகை வீடுகள். இந்த வீட்டில்தான் முதன்முதலாக ஒரு ஆணியைத் தன் விருப்பத்துக்குச் சுவரில் அடித்தாள்.

வீட்டுக்காரி எடித். முருங்கனில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள். அவளுடைய புருஷன் சந்தியோகு, யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷங்களில் ஒருநாள் இங்கிருந்து கடலுக்குப் போனவர். ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை. அதன் பிறகு எடித் நெடுநாள் தனியே இருந்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஜெனிஸ்ரனும் யசிந்தாவும் பார்க்க வந்தபோது கூரைத் தகரம் இற்றுப்போய் இருந்தது, குசினிக்குள் அடுப்பு மறைய முழங்கால் அளவுக்கு மணல் ஏறியிருந்தது. வாடகை மட்டும் நம்பமுடியாத மலிவு.

"என்ன செய்ய விருப்பமோ செய்யுங்கோ தம்பி," என்றாள் எடித். "வாடகையை ஒருநாளும் கூட்ட மாட்டன். ஒண்டு மட்டும். இந்தக் கடல் பக்கக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதேங்கோ."

ஜெனிஸ்ரன் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தான். துரு ஏறி இறுகிக் கிடந்தது. "ஓம் அக்கா, போட்டா பிறகு திறக்கேலாது. நான் பாத்துச் செய்யிறன்."

எடித் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு திறப்புக் கொத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவன் சொன்னபடி பார்த்துச் செய்தான். கூரைக்குப் புதுத் தகரம். வளவு மூலையில் கக்கூஸ். கிணற்றுக்கு மோட்டர். கடைசியில் உள்ளே தரையெல்லாம் வெள்ளை மாபிள். அதற்கு யசிந்தாவின் சங்கிலி அடகுக்குப் போனது, திரும்பி வரவேயில்லை. வாடைக்காற்றுக்கு மாபிளெல்லாம் மண்ணாகிவிடும் என்று, உப்புத் தின்ற மர நிலையோடு சேர்த்து அந்தக் கதவைப் பிடுங்கிச் சுவர் வைத்தான். வேலை முடிந்த அன்று தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இனி ஒரு மணலும் வராது," என்றான்.

கார்த்திகையில் ஆத்துமாக்களின் திருநாளுக்கு, ஒவ்வொரு வருஷமும்போல, எடித் வந்தாள். அன்றைக்கு ஊரே சேமக்காலையில், கல்லறைகளுக்கு முன்னால், மெழுகுதிரியோடு நிற்கும். சந்தியோகுவுக்கும் ஒன்று கொளுத்தச் சொல்லித் தங்கச்சி வீட்டார் அவளை விடாமல் நெருக்குவார்கள். மெழுகுதிரி செத்தவருக்குக் கொளுத்துவது. அதற்குத் தப்பித்தான் எடித் இங்கே வருவாள், எப்போதும் நிறச் சேலையோடு. கடல் பக்கப் படிக்கல்லில் பின்னேரம் வரை இருந்துவிட்டுப் பஸ் ஏறுவாள்.

யசிந்தா பெருமையோடு அவளை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். கடைசி அறையில் எடித் நின்றுவிட்டாள். முன்னே போய், உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி இருந்தது.

"நல்ல வடிவாய்ப் பூசியிருக்கிறார்," என்றாள்.

தேத்தண்ணியைக் குடித்தாள். மதுஷிகாவுக்கு இனிப்புக் கொடுத்தாள். கல்லில் போய் இருக்கவில்லை. வந்த பஸ்ஸே திரும்பிப் போகிற நேரத்துக்கு எழும்பிவிட்டாள்.

அந்த மாதம் முடியுமுன் தொலைபேசி எடுத்தாள். "வாற மாசத்தில இருந்து வாடகை ரெண்டு மடங்கு தங்கச்சி. ஏலாட்டி வேற இடம் பாருங்கோ." யசிந்தா பதில் சொல்லுமுன் வைத்துவிட்டாள்.

ஜெனிஸ்ரன் சீமெந்துக் கையோடு முற்றத்தில் நின்று கத்தினான். "பாத்தியே! மாபிளைக் கண்டதும் கண் பத்தியிட்டுது மனுசிக்கு. நான் கட்டின கக்கூசில நான் குந்துறதுக்கு நானே வாடகை குடுக்கோணும்!"

"மெதுவாய்க் கதையுங்கோ. பிள்ளை படிக்குது."

"படிக்கட்டும். இதையும் படிக்கட்டும். போகேக்க ஒவ்வொரு மாபிளாய்க் கிளப்பிக்கொண்டுதான் போவன்."

"கிளப்பி எங்க பதிக்கப் போறீங்கள்? என்ர தலையிலயோ?"

வேலிக்கு அந்தப் பக்கம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அலெக்ஸாண்டர் சிரித்தார். "தம்பி, நீங்கள் வரேக்க இந்த வீட்டைச் சும்மா குடுத்தாலும் எடுக்க ஆளில்லை. நீங்கள் இருந்து காட்டினதாலதான் இப்ப விலை. பேய் வீடெண்டு திரும்ப ஒரு கதையைக் கிளப்பிவிடுங்கோ. வாடகை தானாய் இறங்கும்."

"முதல்ல அந்தப் பேயிட்ட அரைவாசி வாடகை வாங்கித் தாங்கோ அண்ணை," என்றான் ஜெனிஸ்ரன். கோபத்துக்குள்ளும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

யசிந்தாவுக்கு வரவில்லை.

அடுத்த நாள் அவள் தனியே முருங்கனுக்குப் பஸ் ஏறினாள். தீவிலிருந்து வெளியேறுகிற பாலத்தைக் கடக்கும்போது சொல்லவேண்டியதை மனதில் அடுக்கினாள். கூரை, கக்கூஸ், மோட்டர், சங்கிலி. எடித் முற்றத்தில் அவித்த நெல் காயப்போட்டுக் கம்போடு கோழி கலைத்துக்கொண்டு நின்றாள். அவளைக் கண்டதும் திகைக்கவில்லை.

"அக்கா, நாங்கள் உங்களுக்கு என்ன குறை வைச்சனாங்கள்? குப்பையாய்க் கிடந்த வீடு. என்ர கழுத்தில கிடந்ததையும் அதுக்குள்ளதான் போட்டனான். கூட்டமாட்டன் எண்டு உங்கட வாயாலதானே சொன்னீங்கள்?"

"சொன்னனான்தான்."

"பிறகு?"

"இன்னும் ஒண்டும் சொன்னனான்." எடித் ஒரு சேவலை விரட்டினாள். "தாழ்ப்பாள் போடாதேங்கோ எண்டு கேட்டனான். நீங்கள் சுவரே வைச்சிட்டீங்கள்."

"அது... துருப்பிடிச்சபடியால் சொல்லுறீங்கள் எண்டுதான் இவர்..."

"எனக்கு மாபிளும் வேண்டாம், உங்கட காசும் வேண்டாம் பிள்ளை. நீங்கள் வீட்டை விட்டு எழும்பினால் காணும். சுவரை உடைச்சுப்போட்டு வீட்டை அப்பிடியே விட்டிடுவன். அவருக்கு முன்கதவால வரத் தெரியாது. ஈரக்காலோட முன்பக்கத்தால வந்தால் நான் பேசுவன். என்ர பேச்சுக்குப் பயந்து அந்தக் கதவாலதான் வருவார்."

அடுக்கி வைத்ததெல்லாம் யசிந்தாவுக்குக் குலைந்துபோனது. சொல்லவே கூடாது என்று வைத்திருந்ததுதான் வாயில் வந்தது.

"அவர் காலை ரெண்டு தரம் தேய்ச்சுப்போட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் தேய்ப்பாரோ?"

கம்பு அசையாமல் நின்றது.

"ஆர் சொன்னது? அலெக்ஸாண்டரோ?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"வீட்டுக்காக என்னட்ட இந்தக் கதை சொல்லாதை. வேற எதையும் சொல்லு, இதைச் சொல்லாதை."

"விடியப்புறத்தில கேக்குது அக்கா. கல் ஈரமாய்க் கிடக்கும், மணல் காய்ஞ்சிருக்கும். கடைசித் தேய்ப்பு மெதுவாய்த்தான் இருக்கும். நான் பயத்தில இவருக்கும் சொல்லேல்லை."

எடித் அப்படியே நெல்லுக்குள் குந்திவிட்டாள். "இடது கால்," என்றாள். "திருக்கை மீன் குத்தின கால். அழுத்தித் தேய்க்கேலாது." கோழிகள் நெருங்கி வந்து கொத்தத் தொடங்கின. ஒருவரும் கலைக்கவில்லை. "எப்ப துடங்கினது?"

"சுவர் வைச்ச கிழமை."

"அதுக்கு முதல் கேக்கேல்லையோ?"

"இல்லை."

"அதுக்கு முதல் தேய்ச்ச உடனே உள்ளுக்கு வந்திருப்பார். நீங்கள் நித்திரை. இப்ப வழியில்லாமல் நிண்டு தேய்க்கிறார்."

யசிந்தா அந்த அறையில் கிடக்கும் மகளின் பாயை நினைத்தாள். "அப்ப நீங்களே வந்து இருங்கோவன் அக்கா," என்றாள்.

"பத்து வருசம் இருந்தனான். விடிய விடிய முழிச்சிருந்தனான்." எடித் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு ஒருநாளும் கேக்கேல்லை."

யசிந்தா கம்பை எடுத்து நெல்லிலிருந்து கோழிகளைக் கலைத்தாள்.

வெளிக்கிடும்போது எடித் வாசல்வரை வந்தாள். "சுவரை உடைச்சுக் கதவைத் திறந்து விடுங்கோ. பழைய வாடகைதான். ஆனால் அவர் வந்தால் சொல்லோணும். நான் முருங்கனில, தங்கச்சி வீட்டில எண்டு. பாலத்தால வந்து, நெல் மில்லுக்குப் பின்னால எண்டு. சொல்லுவீரோ?"

"ஓம் அக்கா."

"என்னட்ட வந்திட்டார் எண்டால் காணும். பிறகு எனக்கு அந்த வீடு என்னத்துக்கு? வாங்க ஆள் இருக்கு, வித்துப்போட்டு நிம்மதியாய் இருந்திடுவன்."

பஸ் பாலத்தில் ஏறியபோதுதான் வித்துப்போட்டு என்ற அந்த வார்த்தை யசிந்தாவின் மனதில் இறங்கியது.

ஜெனிஸ்ரன் தன் சுவரைத் தானே உடைத்தான். "கட்டினவனே உடைக்கிறதெண்டா கூலி ரெண்டு மடங்கு," என்று ஒவ்வொரு உளியடிக்கும் புறுபுறுத்தான். "ஒரு கதவுக்காகவோ இவ்வளவு கூத்தும்! முதலே வாயைத் திறந்து சொன்னால் என்ன?" புது நிலை வைத்து, பலகைக் கதவு பூட்டி, கடையில் வாங்கிய தாழ்ப்பாளைப் பொருத்தப் போனான்.

"அது வேண்டாம்," என்றாள் யசிந்தா.

"தாழ்ப்பாள் இல்லாமல் ஒரு கதவோ?"

"வேண்டாம்."

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். தாழ்ப்பாளைக் கடதாசியோடு யன்னல் தட்டில் வைத்துவிட்டுப் போனான். அன்று பின்னேரம் அவள் மகளின் பாயையும் தங்கள் பாயையும் முன்னறைக்கு மாற்றினாள்.

விடியப்போகிற நேரம் அவள் முழித்துத்தான் கிடந்தாள். இரண்டு தரம். பொறுத்து, மெதுவாக, ஒரு தரம். பிறகு கதவின் அடி மாபிளில் உரசுகிற சத்தம். உப்பும் ஈரவலையும் சேர்ந்த மணம் வீட்டுக்குள் வந்தது.

எழும்பிப் போய் அறை வாசலில் நின்றாள். கதவு ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. வெளியே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அறையில் யாருமில்லை. வெள்ளை மாபிளில் மட்டும் ஈரம். வலது காலின் முழு அடி. அதற்கு முன்னால் இடது காலின் விரல்கள் மட்டும். அவள் பார்த்துக்கொண்டிருக்கையில் இன்னொரு அடி விழுந்தது. அது அறைக்கு நடுவில் நின்றது, கேட்பதற்கு நிற்கிற மாதிரி.

சொல்லவேண்டியது அவளுடைய நாக்கில் இருந்தது. முருங்கன். தங்கச்சி வீடு. நெல் மில்லுக்குப் பின்னால். முன்னறையில் மதுஷிகா நித்திரையில் புரண்டாள். மேலே புதுத் தகரம் காற்றுக்கு மெல்ல அதிர்ந்தது. ஜெனிஸ்ரன் எதுவும் அறியாமல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"இருங்கோ," என்றாள் யசிந்தா. "தேத்தண்ணி வைக்கிறன்."

ஆவி பறக்கிற கோப்பையோடு அவள் திரும்பி வந்தபோது மணம் போயிருந்தது. கதவு திறந்தபடி கிடந்தது. கோப்பையைப் படிக்கல்லில் வைத்துவிட்டு வந்தாள்.

வெயில் ஏறுமுன் எடித் தொலைபேசி எடுத்தாள். "வந்தவரோ?"

"இல்லை அக்கா. இண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை."

"சரி பிள்ளை. நாளைக்கு வருவார். மறந்திடாதையும்."

"மறக்கமாட்டன்."

யசிந்தா தொலைபேசியை வைத்தாள். குசினியிலிருந்து ஒரு துணியை எடுத்துவந்து, முழங்காலில் நின்று, மாபிளில் உப்புப் பூத்திருந்த அடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.