ஏ பிரிவில் ஓர் இடம்

இரண்டு விடைத்தாள்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன, என் கையெழுத்து சரிந்து, இசக்கியின் கையெழுத்து நிமிர்ந்து, மற்றபடி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இரண்டும் ஒன்றே, ஹெப்சிபா மிஸ் பேனா மூடியால் இந்தத் தாளில் ஒரு தட்டு, அந்தத் தாளில் ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டிருக்கிறார், பஸ்ஸில் கண்ணை மூடினால் இன்றும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்கிறது, யாரு யாரப் பாத்து எழுதுனது, சொல்லுங்க, என்கிறார், கல்லூரியில் சேர்ந்து அது நாலாவது நாள், புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் இங்கிலீஷில் ஒரு பரீட்சை வைத்து ஏ, பி, சி என்று பிரிப்பார்கள், ஏ என்றால் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள், சி என்றால் அடியிலிருந்து தொடங்க வேண்டியவர்கள், மறக்க முடியாத பயணம் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள், நானும் இசக்கியும் ஊட்டிக்குப் போனோம். எங்கே போனோம், புளியங்குடியைத் தாண்டி இரண்டு பேரும் குற்றாலம் போனதோடு சரி, ஊரில் உரக்கடை மாடியில் செல்லச்சாமி சார் டியூஷன் எடுத்தார், யூரியா வாடையில் பன்னிரண்டு கட்டுரை மனப்பாடம், எந்தத் தலைப்பு வந்தாலும் இதுல ஒண்ணு பொருந்தும், ஒரு வார்த்தய மாத்துனாலும் மார்க்கு போயிரும் பாத்துக்கோ, என்பார், நாங்கள் மாற்றவில்லை, அந்த ஊட்டிக் கட்டுரையில் ஒரு மாமா வருவார், சிவப்பு ஸ்வெட்டர் வரும், படகில் போகையில் மாமாவின் தொப்பி காற்றில் பறந்து ஏரியில் விழும், என் மாமா செங்கல் சூளையில் வேலை பார்த்தார், இசக்கிக்கு மாமாவே கிடையாது.

அந்த டியூஷனிலிருந்து இந்தக் கல்லூரிக்கு வந்தது நாங்கள் இரண்டு பேர்தான், விண்ணப்பத்தை ஒன்றாகக் கொடுத்ததால் அடுத்தடுத்த எண், பரீட்சையில் நான் முன்னால், அவள் பின்னால், ரெண்டு பேரும் மனப்பாடம் மிஸ் என்று சொன்னால் முடிந்திருக்கும், சொன்னால் இரண்டு பேருக்கும் சி, நானோ முந்தின நாளே வீட்டுக்குப் போன் போட்டு எனக்கு ஏ உறுதி என்று அளந்துவிட்டிருந்தேன், அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார், எனக்குத் தெரியும். இவ எனக்குப் பின்னால உக்காந்திருந்தா மிஸ், என்றேன். உட்கார்ந்திருந்தது உண்மைதானே என்று வெகுநாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், ஆனால் அப்ப இவ உன்னயப் பாத்து எழுதிருக்கா, அப்படித்தான, என்று மிஸ் கேட்கிறார், ஆமா மிஸ் என்கிறது என் வாய், இசக்கி என் முகத்தையே பார்க்கிறாள், அழுவாள் என்று நினைத்தேன், கத்துவாள் என்று நினைத்தேன், அவள் மிஸ் பக்கம் திரும்பி, அவ சொல்லுதபடியே வச்சுக்கிடுங்க மிஸ், எனக்கு சி போடுங்க, என்கிறாள். எனக்கு வந்தது கோபம், வெளியே வராந்தாவில் அவள் கையைப் பிடித்து இழுத்து, ஏட்டி, நீயாவது இல்லன்னு சொல்லிருக்கலாம்லா, என்று கேட்டேன், கேட்க எனக்கு வாய் இருந்தது. அவள் கையை உதறினாள். ஏ-யில போயி உக்காந்து புரியாததுக்கெல்லாம் தலையாட்டணும்னு எனக்கு என்ன தலையெழுத்து, சி-யில மொதல்லருந்து சொல்லிக்குடுக்காவளாம், நான் படிக்க வந்திருக்கேன், பீத்திக்கிட வரல, ஆனா என்னயத் திருடியாக்கிட்டல்லா, அத மறக்க மாட்டேன், இனிமே எங்கூடப் பேசாத, என்றாள். ஏட்டி, போ, சி-யில கெடந்து சாவு, என்றேன் நான், அதையும் நான்தான் சொன்னேன்.

ஏ வகுப்பில் மின்விசிறி ஓடும், கான்வென்ட்டில் படித்து வந்தவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள், மிஸ் ஏதோ சொல்வார், எல்லாரும் சிரிப்பார்கள், நான் ஒரு நொடி பிந்திச் சிரிப்பேன், என்ன எழுதச் சொன்னார் என்று பக்கத்தில் இருப்பவள் நோட்டை எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வேன், இசக்கி செய்தாள் என்று நான் சொன்ன வேலையை இப்போது நான் செய்கிறேன், எனக்கு அவர்கள் எல்லார் மேலும் வெறுப்பு, அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, அதனால் கூடுதல் வெறுப்பு. ஒருநாள் மிஸ் என்னை எழுப்பி உன் ஊட்டிப் பயணத்தைச் சொல் என்றார், கடகடவென்று ஒப்பித்தேன், கைதட்டினார்கள், முன்வரிசையில் ஒருத்தி திரும்பி ஏதோ கேட்டாள், புரியவில்லை, மறுபடி நிறுத்தி நிதானமாகக் கேட்டாள், மாமாவைப் பற்றி ஏதோ, அதற்குக் கட்டுரையில் வரி இல்லை, நான் கட்டுரையின் முதல் வரியை மறுபடி சொன்னேன், நாற்பது பேரும் சிரித்தார்கள், அந்த ஒரு தடவை நானும் பிந்தாமல் சிரித்தேன். கேன்டீனுக்குப் பின்னால் சி வகுப்பு, அதைத் தாண்டித்தான் விடுதிக்குப் போக வேண்டும், உள்ளே இசக்கி எழுந்து நின்று தப்புத் தப்பாக, வெட்கமே இல்லாமல், தன் தெருவைப் பற்றித் தன் வாயால் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருப்பாள், டீச்சர் திருத்துவார், அவள் திரும்பச் சொல்வாள், ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு போவேன், நான் தள்ளிவிட்ட இடத்தில் அவள் வசதியாக இருந்தாள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிரிவு மாறுவதற்கு இரண்டு வாரம் கெடு, கடைசி நாள் மிஸ்ஸின் மேசை முன்னால் போய் நின்றேன், எனக்கு சி குடுங்க மிஸ், என்றேன். ஏன், நீதான் சொந்தமா எழுதுன புள்ளயாச்சே, என்றார், நீ வகுப்புல நின்ன நிலையப் பாத்தன்னைக்கே எனக்குத் தெரியும், ஆனா நானா மாத்த முடியாது, அன்னைக்கு நடந்தத உன் கையால எழுதிக் குடு, அந்தப் புள்ள பேருல விழுந்த பழியும் போவட்டும், இங்கிலீஷ்லயே எழுது, ஏ-யில இருக்கவதான, என்று ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் தள்ளுகிறார், அதே மேசை, பேனா மூடி சும்மா கிடக்கிறது, நான் உட்கார்கிறேன், எழுதினால் இசக்கி திருடி இல்லை, நான் சி, அப்பாவுக்கு என்ன சொல்வேன், பன்னிரண்டு கட்டுரையும் வரிவரியாக வருகிறது, பசு வருகிறது, பொங்கல் வருகிறது, நூலகத்தின் பயன் வருகிறது, இந்த ஒன்று எதிலும் இல்லை. நான் பொய் சொன்னேன் என்பதற்கு இங்கிலீஷில் இரண்டே சொல் போதும், இப்போது தெரியும், அன்று தெரியாது, தமிழில் தெரிந்திருந்தது, தமிழில் எழுதட்டுமா மிஸ் என்று கேட்டிருந்தால் அவர் வேண்டாம் என்றிருக்க மாட்டார், நான் கேட்கவில்லை. தாளை அவர் பக்கமே தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன், வேண்டாம் மிஸ், நான் ஏ-யிலயே இருந்துக்கிடுதேன், என்றேன்.