கடைக்குப் பின்னால் ஓர் அறை

கடைக்காரர் பைஸர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். கடைக்குப் பின்னால் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே றோட்டு. றோட்டுக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்தின் நீல நிற கேட்.

"தண்ணி எந்நேரமும் வரும் ஐயா. கூரையும் ஒழுகாது," என்றார் பைஸர்.

கணேசமூர்த்தி கட்டிலை அழுத்திப் பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு."

அவர் மனைவி காளியாயி வாசலிலேயே நின்றாள்.

அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் மாறி றொசல்லவுக்கு வந்திருந்தார்கள். தேயிலைத் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டை இந்த மாதக் கடைசியில் விட வேண்டும். வீட்டில் யாரும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யவில்லை என்று ஆபீசிலிருந்து கடிதம் வந்திருந்தது. மகன் லோஜன் கொழும்புக்குக் கூப்பிட்டான். அவன் அறையில் அவனும் மனைவியும் பாய் விரித்தால் கதவைத் திறக்க முடியாது.

இல்லத்தில் கணவன் மனைவி சேர்ந்து இருக்க ஓர் அறை காலியாக இருந்தது. உடப்புசல்லாவையிலிருந்து வேறு இருவரும் அதைக் கேட்டிருந்தார்கள். இன்று சாயந்தரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அந்த அறைய அவங்களுக்கே விட்டுருவோம்," என்றார் கணேசமூர்த்தி. "இத எடுப்போம். காலையில நீ அங்க போ. சாயந்தரம் வந்துரு."

"வேலைக்குப் போற மாதிரியா?"

"நான் உள்ள வந்தா யாரு பேசுவா?"

அது உண்மைதான். இல்லத்தில் இருந்த பதினொரு பெண்களில் ஏழு பேர் அவர்களுடைய தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். கணேசமூர்த்தி இருபத்தாறு வருஷம் அவர்களை வேலை வாங்கிய கங்காணி. அவர் மலையேறி வந்தால் நிரைகளில் பேச்சு நிற்கும். காளியாயியும் அந்த நிரைகளில்தான் பறித்தாள். கங்காணி பெண்டாட்டி. அவள் பக்கத்தில் வந்தாலும் பேச்சு நிற்கும். யார் வீட்டில் என்ன நடந்தது என்பது தோட்டத்தில் அவளுக்குத்தான் கடைசியாகத் தெரியும்.

"இனிமேலாவது நாலு பேரு பேசுறத நீ கேக்கணும்," என்றார். "நான் கூட இருந்தா கேக்க முடியாது."

"கேட்டத ஒங்ககிட்டதான வந்து சொல்லணும். றோட்டக் கடக்குறதுக்குள்ள மறந்துரும்."

பைஸர் ஜன்னலைத் திறந்து மூடிக் காட்டினார். "நாளைக்கு வேறாள் பாக்க வாராங்க. போறதுக்கு முந்தி ஒரு வார்த்த சொல்லிருங்க."

றோட்டைக் கடந்து போனார்கள். இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் பூரணி அவர்களுக்கு அறையைக் காட்டினாள். பிறகு பின்பக்கம் கூட்டிப் போனாள். அங்கே நூறு தேயிலைச் செடி இருக்கும். யாரும் சொல்லாமலே அந்தப் பெண்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். சும்மா உட்கார முடியவில்லையாம். அவர்கள் சிரிக்கும் சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது.

கணேசமூர்த்தி மூலையைத் திரும்பினார். பேச்சு நின்றது. தலைகள் குனிந்தன. விரல்கள் வேகமாயின.

"பாத்தியா?" என்றார் காளியாயியிடம். திரும்பி நடந்தார்.

"கங்காணி எங்க போறாரு?"

ராசம்மாவின் குரல். அவளுக்கு எழுபது வயது. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு கையில் ஒரு கூடையோடு வந்தாள்.

"இங்க கங்காணி வேல காலி இல்ல. பறிக்கத்தான் ஆளு வேணும்."

கணேசமூர்த்தி செடிகளைக் கவ்வாத்து வெட்டியிருக்கிறார். தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருக்கிறார். கொழுந்து பறித்ததில்லை. கூடையை வாங்கிக்கொண்டார்.

பத்து நிமிஷம் கழித்து ராசம்மா ஒரு சாக்கை விரித்தாள். "கொட்டுங்க."

கொட்டினார். அவள் முற்றிய இலை ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

"இது என்னா, மாட்டுக்கா?"

பெண்கள் சிரித்தார்கள்.

"நீங்க எனக்குச் சொன்ன வார்த்ததான். நாலாம் நம்பர் மலையில, கொட்டுற மழையில. மறந்துருச்சா?"

"மறக்கல," என்றார். உட்கார்ந்து முற்றிய இலைகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ராசம்மா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு காளியாயியிடம் திரும்பினாள்.

"ஒனக்கு ஒண்ணு தெரியுமா? அந்த மலையில பெரிய கல்லு இருக்குல்ல, அதுக்குப் பின்னால நாங்க அடுப்பு வெச்சிருந்தோம். தேத்தண்ணி. சில நாளு ரொட்டி கூட. ஒரு நாளும் ஒன் புருசன்கிட்ட மாட்டல."

"எப்புடி?"

"இவரு இருமல் பாதி மலையிலயே கேட்டுரும். அணைச்சுருவோம்."

"பொக கீழயே தெரியும்," என்றார் கணேசமூர்த்தி. தலையைத் தூக்கவில்லை. "கண்ணால பாத்துட்டா தொரைகிட்ட சொல்லணும். அதான் இருமுறது."

பறித்துக்கொண்டிருந்த விரல்கள் நின்றன.

"அப்ப அது இருமல் இல்லியா?" என்றாள் ராசம்மா.

"இல்ல."

"நான் ஆடாதோட கஷாயம் வெச்சுக் குடுத்தேனே," என்றாள் காளியாயி. "வருசக்கணக்கா."

"குடிச்சேன்ல."

"கசக்குமே. எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ இவங்ககிட்ட சொல்லிருவ."

"இவங்க எங்க எங்கிட்ட பேசுனாங்க?"

ராசம்மா சாக்கின் முனையை மடித்தாள், பிரித்தாள்.

"கூப்புடணும்னு நெனைப்போம் காளியாயி. பயம்."

"ரொட்டி வாசம் மட்டும் வரும்," என்றாள் காளியாயி. "யாரு வீட்டுலயோன்னு நெனப்பேன். அந்தக் காட்டுல ஏது வீடு?"

முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு ராசம்மா. பிறகு எல்லோரும்.

பூரணி வந்தாள். "ஐயா, உடப்புசல்லாவையில இருந்து கோல் எடுத்தாங்க. என்னா சொல்லட்டும்?"

கணேசமூர்த்தி எழுந்தார். ராசம்மாவிடம் கேட்டார்: "நான் இங்க இருந்தா ஒங்களுக்குப் பேச்சு வருமா?"

"இம்புட்டு நேரம் வேற என்னா பண்ணிக்கிட்டு இருக்கோம்? பேச்செல்லாம் வரும். இந்த எலையோட வந்தாத்தான் சேத்துக்க மாட்டோம்."

"பழகிருவேன்."

அவர் போனை எடுத்துக் காளியாயியிடம் கொடுத்தார். "பைஸருக்கு வேணாம்னு சொல்லிரு. ரூம்பு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லு. மனசு நோகாம சொல்லு."

கேட் பக்கம் போனால்தான் சிக்னல் கிடைக்கும் என்றாள் பூரணி. காளியாயி முந்தானையைச் செருகிக்கொண்டு நடந்தாள்.

பெண்கள் செடிக்குத் திரும்பினார்கள். கணேசமூர்த்தி தன் நிரையில் போய் நின்றார். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்த ஆயா ஒருநாள் திடீரென்று தோட்டத்தை விட்டுப் போன கதையை ராசம்மா ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் சொன்னாள். நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றாள் ஒருத்தி.

ராசம்மா கேட் பக்கம் பார்த்தாள்.

"இரு. காளியாயி வந்துறட்டும்."